சாந்தாமுத்து இறங்கும் நிறுத்தம்

அந்த ஆண்டு சித்திரையில் என்னையும் சாந்தாமணியையும் ஒரே ஆளாக்கினார்கள்.

செய்தியைச் சொன்னவர் மேலாளர் குப்புராஜ். சிக்கனம் கருதி அவருடைய அறையை லிஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள். மேசை, இரண்டு நாற்காலி, நிறுவனர் ஐயாவின் படம் எல்லாம் லிஃப்டுக்குள் இருந்தன. யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் அவர்களை ஏற்றிக்கொள்வார். மேல் மாடி வருவதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும்.

"நம்ம கம்பெனிக்கு எழுபது வயசாச்சுங்க" என்றார், கதவு மூடியதும். "எழுபது வருசமா அதே கிரைண்டர். செலவு மட்டும் ஏறிட்டே போகுது. புதுசா ஒண்ணும் வர்றதில்ல."

"ஆமாங்க சார்."

"தலைமை ஆபீஸ்ல சொல்லீட்டாங்க. இனிமே ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் சிக்கனமும் இருக்கோணும், புதுமையும் இருக்கோணும். சரிசமமா."

"சரீங்க சார்."

"தேடிப் பாத்தோம். ரெண்டும் இருக்கற ஆளே இல்ல. அதனால சேத்து வெக்கறோம். நீங்க புதுமைப் பிரிவு. சாந்தாமணி சிக்கனப் பிரிவு. ரெண்டு பேரும் இனிமே சாந்தாமுத்து."

என் பெயர் நாச்சிமுத்து. பெயரில் பின்பாதியாவது மிஞ்சியதே என்று நினைத்தேன். கழிந்துபோன 'நாச்சிமணி' என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஸ்டோர்ஸ்ல வெச்சிருக்கோம். தேவப்பட்டா எடுத்துக்கலாம்."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசலாமுங்களா?"

"யாருகிட்ட?"

"சாந்தாமணிகிட்ட."

"ஒரு ஆளு அவரையே எப்படீங்க போய்ப் பாக்கறது?" என்றார். கதவு மூடியது.

காலையில் சாந்தாமணி வருவார். சாப்பாட்டுச் சங்கு ஊதிய பிறகு நான் வருவேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, இருவருக்கும் சேர்த்து ஒரே அடையாள அட்டை. அட்டையிலிருந்த முகம் எங்கள் இருவரையும் சேர்த்து அச்சடித்தது. அதில் என் மீசை இருந்தது. ஆனால் தயங்கித் தயங்கி இருந்தது.

வாசலில் நின்ற வாட்ச்மேன் ராயப்பனுக்கு என்னை வெகுகாலமாகத் தெரியும். அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்குதுங்க" என்று உள்ளே விட்டார்.

சாந்தாமணியை அதற்கு முன்பு கேண்டீன் வரிசையில் இரண்டு மூன்று முறை பார்த்திருந்தேன். கட்டடத்துக்குள்ளேயும் மடக்கிய குடையைக் கையில் வைத்திருப்பார். அதை வைக்க ஓர் இடம் தேடுவதும் செலவுதான் என்று நினைத்திருக்கலாம். ஒருநாளும் பேசியதில்லை. அவருடைய பிரிவு எங்கள் பிரிவின் எதிரி. நாங்கள் எதையாவது சேர்ப்போம். அவர்கள் எடுப்பார்கள். முடிவில் கிரைண்டர் பழையபடி வந்து நிற்கும். நிறுவனம் எழுபது ஆண்டு நிலைத்தது அப்படித்தான்.

முதல் நாள் மத்தியானம் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சூடாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. சிங்காநல்லூரில் ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். முன்பு தம்பி என்னோடு இருந்தான். பிறகு திருப்பூருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் நகர்த்தாமல் எதுவும் நகர்ந்ததில்லை. காலையில் டம்ளரைச் சன்னலில் வைத்தால் சாயந்திரமும் சன்னலில்தான் இருக்கும். எனக்கு முன்பே சூடாகியிருந்த எதிலும் நான் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

மெல்ல மறுபடி உட்கார்ந்தேன். சூடு ஆறும்வரை அசையவில்லை.

மறுநாள் சாந்தாமணியைப் பார்த்துவிடலாம் என்று சங்குக்கு முன்பே வந்தேன். எங்கள் மாடியின் வராந்தா சின்னது. அன்றைக்கு நீண்டிருந்தது. இரு பக்கமும் நான் அறியாத கதவுகள். ஒரு கதவுக்குள் ஊழியர்கள் வேகமாக உட்காரப் பழகிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில், கூட்டம் தேவையா என்று முடிவு செய்வதற்கான கூட்டம் நடந்தது. தேவையில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதனால் கலைந்து போகச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போயிருந்தது.

வராந்தாவின் கோடியில் என் மேசை தெரிந்தது. ஒரு முதுகு தெரிந்தது. நாற்காலியின் கையில் குடை தொங்கியது. நடந்தேன். அவர் திரும்பவில்லை, நகரவுமில்லை. மேசைதான் தள்ளிப் போனது.

சங்கு ஊதியது. வராந்தா பழைய அளவுக்கு வந்தது. மேசை என் எதிரில் இருந்தது. யாரும் இல்லை. நாற்காலி சூடாக இருந்தது.

இன்னும் சில நாள் முயன்று பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

வேலை இப்படி நடந்தது. மத்தியானம் நான் புதிதாக ஏதாவது செய்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் காலையில் அவர் அதைக் குறைத்துவிட்டுப் போவார்.

மாவு அரைபடுவதைப் பார்க்கட்டும் என்று கிரைண்டர் மூடியில் ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்தேன். மறுநாள் கண்ணாடி இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கிரைண்டரை நிறுத்தாமலே தண்ணீர் விட முடிந்தது. எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அடுத்து நான்கு சக்கரம் பொருத்தினேன். மறுநாள் ஒன்றுதான் இருந்தது. ஒற்றைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரைச் சற்றே சாய்த்தேன். ஒரு கையால் இழுத்துக்கொண்டு போக முடிந்தது. நான்கு சக்கரத்தில் அது பிடிப்பில்லாமல் தானாக ஓடியிருக்கும்.

மேசையைச் சுற்றி அன்று இரண்டு முறை இழுத்துக்கொண்டு நடந்தேன். யாராவது பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் இல்லை.

ஒருநாள் இழுப்பறையில் பாதிக் கொய்யா இருந்தது. மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவி, வெட்டிய பக்கம் காகிதத்தால் மூடியிருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாளும் பாதிக் கொய்யா இருந்தது. எதையும் பாதியாக்குவது அவருடைய உத்தியோகம். இன்னொரு பாதியை வைத்துவிட்டுப் போவது உத்தியோகத்தில் சேராது.

அன்று பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினேன். பாதியைத் தின்றேன். பாதியை அதே இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பன் இல்லை. இழுப்பறையில் சிந்திய தேங்காய்த் துருவலைக்கூடத் துடைத்திருந்தார்.

ஆனியில் ஒரு மத்தியானம் எனக்கு ஒன்று தோன்றியது. தனியாக இருக்கும் ஆளுக்கு ஒரு கிரைண்டர். சின்னக் கல், நாலு இட்லிக்குப் போதுமான மாவு. அதுமட்டும் என்றால் புதுமை இல்லை. அது ஓடும்போது வீட்டில் ஆட்கள் இருக்கும் சத்தம் கேட்க வேண்டும். எனக்கு நினைவிருந்த சத்தங்களையெல்லாம் அதற்குள் போட்டேன். யாரோ பீரோவைத் திறக்கிறார்கள். யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்கிறார். துண்டு எங்கே என்று ஒருவர் சத்தம் போடுகிறார். போனில் சிரிக்கிறார்கள். கதவு அடித்துக்கொள்கிறது. ஓடவிட்டுக் கேட்டேன். ஏதோ கல்யாண வீட்டுக்கு வெளியில் நிற்பதுபோல் இருந்தது. ஆனாலும் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் அது மேசையில் அதேபோல் இருந்தது. ஓடவிட்டேன். எல்லாச் சத்தத்தையும் எடுத்திருந்தார். கல் மட்டும் சுற்றியது. இந்த முறை அவர் வெறுமனே அழித்துவிட்டார் என்று நினைத்தேன். நிறுத்தக் கை நீட்டினேன்.

பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கல் சுற்றிக்கொண்டிருந்தது. எதையோ சொல்ல வந்து, அவசரமில்லை, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டவரின் செருமல். வெகுநேரம் கழித்து இன்னொரு முறை வந்தது. அவ்வளவுதான்.

அது என் சத்தங்களில் ஒன்று அல்ல. சிக்கனப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் எங்கள் நிறுவனத்தில் முதல்முறையாக ஒன்றைச் சேர்த்திருந்தார்.

அன்று நான் வேறு வேலை செய்யவில்லை. கம்பெனி பஸ் வரும்வரை கிரைண்டரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக்கு எவ்வளவு போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். யோசித்தபோது கஷ்டமாக இருந்தது.

மறுநாள் பனங்கற்கண்டும் மிளகும் ஒரு பொட்டலம் கட்டி இழுப்பறையில் வைத்தேன். அதை அவர் பாதியாக்கவில்லை. முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

கிரைண்டர் கடைக்கு வந்தது. நன்றாக விற்றது. தனியாக இருப்பவர்கள் வாங்கினார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் பெற்றோர் வாங்கினார்கள். வீடு நிறைய ஆட்கள் இருப்பவர்களும் வந்து வாங்கினார்கள். அவர்கள் மட்டும் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது என்றார்கள்.

குப்புராஜ் என்னை லிஃப்டில் ஏற்றிக்கொண்டார்.

"வாங்கறவங்க மாவே ஆட்டறதில்லீங்களாமா."

"வேற என்ன பண்றாங்க சார்?"

"போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்துக்கறாங்க. அப்பறம் கல்லு எதுக்குங்க? எடுத்துட்டோம். கல்லு இல்லாததுக்கு மோட்டார் எதுக்கு? அதையும் எடுத்துட்டோம். இப்ப வெறும் எவர்சில்வர் பாத்திரம். அது பாட்டுக்குச் செருமிட்டு இருக்குது. கனமும் இல்ல, செலவும் இல்ல. அதைவிடப் புதுசு ஊர்ல எங்கயும் இல்ல." நிறுவனர் ஐயாவின் படத்தைப் பார்த்துக்கொண்டார். "சிக்கனமும் புதுமையும் ஒண்ணாயிருச்சு. நீங்களும் ஒண்ணாயிட்டீங்க. நாளைக்கிருந்து முழு நாளும் வாங்க."

"காலைல சாந்தாமணி வருவாங்களே சார்."

"யாருங்க?"

"சாந்தாமணி."

"அதான் முன்னால நிக்கறீங்களே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மேல் மாடி வந்துவிட்டது.

மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தேன். நாற்காலி சில்லென்று இருந்தது.

காலையில் சிக்கனம் பார்க்க வேண்டும் என்றார்கள். முந்தின நாள் மத்தியானம் நான் செய்துவைத்ததைக் குறைத்தேன். மத்தியானம் புதிதாக ஒன்று செய்தேன். மறுநாள் காலை அதையும் குறைத்தேன். சாந்தாமணி எதை விட்டுவைப்பார் என்று யோசித்து யோசித்துக் குறைப்பேன். எனக்கு அது வரவில்லை. கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. மேசை எப்போதும் சுத்தமாக இருந்தது.

"இதத்தான் எதிர்பாத்தோம்" என்றார் குப்புராஜ்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து மேசையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் சாயந்திரம் வெளியே வரும்போது ராயப்பன் கூப்பிட்டார்.

"உங்கள ஒண்ணு கேக்கோணுமுங்க. காலைல நேரமே உள்ள போறீங்க. செத்த நேரத்துல எதுக்குங்க மறுபடியும் வர்றீங்க?"

"நான் வர்றதில்லீங்களே."

"தெனமும் வர்றீங்க. கையில கொட வெச்சுட்டு. நீங்க ஏற்கெனவே உள்ள போயாச்சுன்னு சொல்லுவேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போயிருவீங்க."

"ஏதாவது சொன்னேனா?"

ராயப்பன் யோசித்தார். "ஒருக்கா, 'நான் சாப்பிட்டனா'ன்னு கேட்டீங்க. சாப்பிட்டிருப்பீங்கன்னேன்."

மறுநாள் காலையில் வந்ததும் வாசலுக்கே திரும்பினேன். வராந்தா நீண்டது. சாயந்திரச் சங்கு ஊதும்வரை நடந்தேன். கூட்டம் தேவையா என்ற கூட்டம் இன்னும் முடியவில்லை. வாசலை அடைந்தபோது எல்லோரும் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறினேன்.

பஸ் சிங்காநல்லூரில் நிற்கவில்லை.

"எறங்கோணுமுங்க" என்றேன் டிரைவரிடம்.

"சாந்தாமுத்துக்கு ஒண்டிப்புதூருங்க. இன்னிக்கிருந்து ஒரு ஆளுக்கு ஒரு ஸ்டாப்பு."

ஒண்டிப்புதூரில் இறங்கினேன். எந்தச் சந்து என்று நான் யாரையும் கேட்கவில்லை. அங்கே அன்று ஒரே சந்துதான் இருந்தது. அதற்குள் ஒரு வீட்டுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் முறத்தை மடியில் வைத்துக் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். சாந்தாமணியின் அக்கா ராஜாமணி என்று பிறகு தெரிந்தது. முகம் கொஞ்சம் என் அடையாள அட்டை மாதிரி இருந்தது.

"ஏன் அம்மிணி, இன்னிக்கி இத்தன நேரம்?" என்றார்.

"நான் நாச்சிமுத்துங்க."

"பேரச் சொல்லீட்டு நிக்காத. கை கால் கழுவீட்டு வா. சோறு ஆறுது."

கழுவிவிட்டுப் போனேன். சோறு, ரசம், கொத்தவரங்காய்ப் பொரியல். நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குழாயைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பற்றிச் சொன்னார். நான் தலையாட்டினேன். நடுவில் கேட்காமலே இன்னொரு கரண்டி பொரியல் வைத்தார்.

"ஏனுங்க, சாந்தாமணி எங்கீங்க?"

கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"இத்தன நாளா 'நாச்சிமுத்து எப்படி இருப்பாரு, எங்க இருப்பாரு'ன்னு என் உசுர எடுத்தே. இன்னிக்கி மாத்திக் கேக்கறே."

சோற்றில் வைத்த கை நின்றது.

"அப்படியா கேட்டாங்க?"

"கேட்டியே. பாதி பன்னக் கொண்டாந்து காட்டி, 'எனக்குன்னு வெச்சிருக்காரு பாருக்கா'ன்னே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பன்னுதான, தின்னுன்னேன்."

மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன். கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்றேன்.

"மருந்துக்கடப் பக்கம் போனா எனக்குத் தலவலித் தைலம் வாங்கீட்டு வா" என்றார்.

திருச்சி ரோட்டில் சிங்காநல்லூருக்கு நடந்தேன். விளக்குப் போடும் நேரம். சாலையோர வீடுகளில் எங்கள் பாத்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள். ஒரு சன்னலில் சாந்தாமணி செருமினார். நாலு வீடு தள்ளி இன்னொரு சன்னலில் செருமினார். எல்லா வீட்டிலும் எதையோ சொல்ல வந்து விட்டுவிட்டார். நான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். பிறகு திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரம்மா கீழே துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நாச்சிமுத்து மேலதான் இருக்காருங்க" என்றார் என்னிடம். "நீங்க யாருங்க?"

"கூட வேல செய்யறேனுங்க."

"போய்ப் பாருங்க. அவரைத் தேடி யாரும் வர மாட்டாங்க. பாத்தா சந்தோசப்படுவாரு."

மாடிப்படிகள் கூடியிருந்தன. ஏறினேன். பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மறுபடி ஏறினேன். என் கதவு வந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தேன். நுழைந்தது. திருப்பவில்லை. கதவைத் தட்டினேன்.

"யாருங்க?" என்றது ஒரு பெண் குரல்.

என்ன பெயர் சொல்வது என்று யோசித்தேன்.

"சாந்தாமுத்து" என்றேன்.

உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஃபேனாக இருக்கலாம்.

"நானும்" என்றார் உள்ளேயிருந்தவர்.

கதவருகே அவர் வந்து நிற்பது தெரிந்தது.

"தெனமும் கேட்டுக்கு வந்தீங்களாமா" என்றேன்.

"வந்தேனுங்க. ஆள் உள்ள போயாச்சுன்னு திருப்பி அனுப்பீருவாங்க. இன்னிக்கித் திரும்பற பஸ்ஸு என்னை இங்க எறக்கி உட்டுருச்சு. ஆள் ஒண்ணு மிச்சமிருந்தா ஊடு ஒண்ணும் மிச்சமிருக்கும், அங்க போய் இருங்கன்னு சொன்னாங்க."

"கதவத் தொறக்கறேன். சாவி இருக்குதுங்க."

"இருங்க" என்றார். "அவசரப்படாதீங்க. நான் உள்ள ஒருத்தி, நீங்க வெளிய ஒருத்தர். நடுவுல கதவு இருக்கறதாலதான் ரெண்டு. தொறந்தா ஒருத்தர்தான் இருப்போம்."

"யாரு இருப்போம்?"

"தெரியலீங்க. அத நம்மகிட்டக் கேக்க மாட்டாங்க."

சாவி பூட்டிலேயே இருந்தது. என் விரல்கள் அதன்மேல் இருந்தன. திருப்பினால் அவரைப் பார்த்துவிடலாம். ஒரு நொடியாவது பார்க்கலாம். அந்த நொடிக்குப் பிறகு பார்த்ததை யாரிடம் சொல்வது என்று தோன்றியது. சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். மேல் படியில் உட்கார்ந்தேன். அவரும் உள்ளே உட்கார்ந்தார். சேலை தரையில் உரசியது கேட்டது.



"கொழாய எந்தப் பக்கம் திருப்பறதுங்க?" என்று கேட்டார்.

"எடது பக்கம். திருப்பீட்டு மேல ஒரு தட்டுத் தட்டோணும்."

"சன்னல் சாத்த மாட்டீங்குது."

"சாத்தாதுங்க. பக்கத்துல ஒரு அட்ட மடிச்சு வெச்சிருப்பேன். அதச் சொருகுங்க."

அவர் எழுந்து போய்ச் சொருகிவிட்டு வந்தார்.

"ஊடு பூராத்தையும் பாத்தேனுங்க" என்றார். "ஒரு டம்ளரு, ஒரு தட்டு, ஒரு பாயி. என் சர்வீசுல எல்லா எடத்துலயும் ஏதாவது கொறைக்க இருக்கும். இங்க ஒண்ணுமே இல்லீங்க."

சட்டைப் பைக்குள் சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னொரு டம்ளர் வாங்கி வெக்கட்டுங்களா?"

"யாருக்குங்க?"

அவர் டம்ளரை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"வாங்கி வெய்ங்க" என்றேன்.

கீழே வீட்டுக்காரம்மா விளக்கை அணைத்தார். படிகள் இருட்டின. கதவுக்கு அடியில் என் அறையின் வெளிச்சம் ஒரு கோடாக வந்து என் செருப்பில் விழுந்தது. வெளியிலிருந்து அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"அக்கா நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்காங்க. கொத்தவரங்காப் பொரியல் வெச்சாங்க."

"என்னத் தேடுச்சா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன்.

"இல்லீங்க. என்னைய அம்மிணின்னு கூப்பிட்டாங்க."

"அப்படித்தான் கூப்பிடும்" என்றார். குரல் மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தல வலிக்குதுன்னு சொல்லும். தைலத்த நெத்தில தேய்க்காதீங்க. பின்னங்கழுத்துல தேய்க்கோணும். ஆனா அது சொல்லாது" என்றார்.

"சரீங்க."

"கெளம்புங்க. கடைய அடச்சிருவாங்க."

எழுந்தேன். என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று தெரியவில்லை. சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்று மட்டும் போதும் என்பது எனக்குத் தோன்றியிருக்காது என்றேன்.

"நீங்க நாலு வெக்கலீன்னா எனக்கு ஒண்ணு கெடச்சிருக்காதுங்க" என்றார்.

இறங்கும்போது படிகள் கொஞ்சமாகத்தான் இருந்தன.

மருந்துக்கடையில் தைலம் வாங்கிக்கொண்டு ஒண்டிப்புதூர் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. ராஜாமணி அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவர் கொண்டையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னங்கழுத்தில் தைலத்தைத் தேய்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிவியில் ஒருவர் சத்தமில்லாமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"அவளப் பாத்தியா?" என்று அக்கா கேட்டார். திரும்பவில்லை.



"பாக்கலீங்க. பேசுனேன்."

"எங்க இருக்கறா?"

"எங்க ஊட்ல."

"சாப்பிட்டாளா?"

அதைக் கேட்க மறந்துவிட்டிருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

அக்கா கொண்டையை விட்டார். என் கையிலிருந்த தைலப் புட்டியை வாங்கி, மூடியை இறுக்கித் திருகினார். திருகிய பிறகும் சிறிது நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நாளைக்கிப் போனா கேளு" என்றார். "போய்க் கதவச் சாத்தீட்டு வா, அம்மிணி."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.